மேல் தண்ணீர்

அனார்கூல் ஜீப்பில் ஏறினால் கண்ணைத் திறந்துகொண்டே கனவு காண ஆரம்பித்துவிடுவாள். மாகாணத் திட்ட அலுவலகத்துக்குப் பத்தொன்பது வருடம் வண்டி ஓட்டியவன் நான். அதில் பதினான்கு வருடம் அவள் என் பின்சீட்டில் வந்தாள். பனி உருகி ரோடெல்லாம் சேறாகக் கிடக்கும் ஏப்ரல் மாதத்தில், ஆளே இல்லாத ஏதாவது ஒரு வளைவில் நிறுத்தச் சொல்வாள். இறங்க மாட்டாள். கண்ணாடியை இறக்கிவிட்டு வெறும் சரிவைப் பார்த்தபடி, இங்கே ஒரு பாலர் பள்ளி வரும், அந்த மூலையில் பாலைக் குளிர வைக்கும் கொட்டகை, நடுவில் நீலக் கதவு போட்ட மருந்துக்கடை என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே போவாள். கதவின் நிறம்கூட அவளுக்குத் தெரிந்திருக்கும். கேட்டுக்கொண்டிருக்கும் எனக்கும் கொஞ்ச நேரத்தில் அந்தச் சரிவில் பிள்ளைகள் ஓடுவது போலத் தோன்றிவிடும். பிறகு எங்கிருந்தோ ஒரு மாடு வந்து அங்கே மேய ஆரம்பிக்கும். பள்ளிக்கூடம் கலைந்துவிடும்.

நான் கனவு காணும் ரகம் இல்லை. 2005க்குள் வளர்ச்சி, 2010க்குள் வளர்ச்சி என்று நான்கு திட்டங்களை இந்த மலைகளில் ஊர் ஊராக ஏற்றிப் போய் இறக்கியவன். வளர்ச்சி எப்போதும் ஐந்து வருடம் தள்ளித்தான் உட்கார்ந்திருக்கும். நாம் கிட்டே போனால் அதுவும் எழுந்து இன்னும் கொஞ்ச தூரம் போய் உட்கார்ந்துகொள்ளும். இதை அவளிடம் சொல்லிச் சிரிப்பேன், அவளும் சிரிப்பாள். சிரித்துவிட்டு மறுபடி கண்ணாடியை இறக்குவாள்.

ஐந்தாவதாக 2030 வரைக்குமான திட்டம் வந்தபோது அதன் வரைபடங்கள் முழுவதும் அவள் பொறுப்பில் வந்தன. அட்டையில் ‘யாரையும் விட்டுவிடாத வளர்ச்சி’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். மற்றவர்களுக்கு அது அட்டையில் அச்சடிக்கும் வாசகம். அனார்கூல் அதை நம்பிவிட்டாள். கம்ப்யூட்டர் வந்த பிறகும் அலுவலகத்தின் வடக்குச் சுவரில் முழு மாகாணத்தையும் காகிதத்தில் ஒட்டி, பென்சிலால் நிறம் கொடுத்துக்கொண்டிருந்தாள். மேய்ச்சல் நிலம் பச்சை, வரப்போகும் ரோடு சிவப்பு, தண்ணீர் நீலம். ஒரு நாள் சாவி வாங்க உள்ளே போனேன். நாற்காலி மேல் ஏறி நின்று, மேற்கு ஓரத்தில் ஒரு கிராமத்தின் மேல் உள்ளங்கையை வைத்திருந்தாள். என்ன என்று கேட்டேன். காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்கிறேன் என்றாள். அவள் கை எடுத்ததும் நானும் யாரும் பார்க்காதபோது தொட்டுப் பார்த்தேன். சுவர் சில்லென்றுதான் இருந்தது.

பழைய திட்டங்களில் தண்ணீரைப் பற்றிப் பேசியதெல்லாம் ஆண்கள். வெள்ளைத் தொப்பியோடு முன்வரிசையில் உட்கார்ந்து, ஊற்று கூப்பிடு தூரம்தான் என்பார்கள். அனார்கூல் ஒரு வாளியை எடுத்துக்கொண்டு நடந்து பார்த்தாள். ஒரு ஊரில் கூப்பிடு தூரம் என்பது ஒன்றே கால் கிலோமீட்டராக இருந்தது, அதுவும் ஏற்றம். அன்றிலிருந்து மூன்று மாதம் இயக்குநரின் அறைக் கதவைத் தட்டி, திட்டத்தில் ஒரு விதியைச் சேர்க்க வைத்தாள். குடிநீரைப் பற்றிய சாட்சியம், அதைச் சுமக்கிறவர்களின் வாயிலிருந்தே பெறப்பட வேண்டும். பதினான்காம் விதி. சுமக்கிறவர்கள் என்றால் பெண்கள், வேறு யார். அந்த விதியால் மூன்று ஊர்களில் பெரிய மந்தைக்காரர்கள் வளைத்துப் போட்டிருந்த ஊற்றுகள் ஊருக்குத் திரும்பி வந்தன. அலுவலகத்தில் அதற்கு அனார்கூல் விதி என்றே பெயர் வைத்துவிட்டோம்.

அவளைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். அவளுக்கு வியாழக்கிழமை கிடையாது.

அவளுடைய மாமனார் வியாழக்கிழமை பிறந்தவர், எங்கள் மொழியில் அந்தக் கிழமையின் பெயரை ஒட்டியே அவருக்குப் பெய்ஷென் என்று பெயர். எங்கள் மருமகள்கள் புகுந்த வீட்டுப் பெரியவர்களின் பெயரைச் சொல்ல மாட்டார்கள், எழுதவும் மாட்டார்கள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும் எதையும் சொல்ல மாட்டார்கள். ஆகவே அனார்கூல் வாயில் அந்தக் கிழமை வெள்ளிக்கு முந்தின நாள். அலுவலகக் கூட்டம் ஒவ்வொரு வியாழனும் நடக்கும். முதலில் எல்லோரும் கேலி செய்தார்கள். கடைசியில் பார்த்தால் இயக்குநரே ‘வெள்ளிக்கு முந்தின நாள் காலை பத்து மணிக்கு’ என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டிக்கொண்டிருந்தார்.

படித்தவள், உலகம் தெரிந்தவள், இதென்ன பழக்கம் என்று தலைநகரத்திலிருந்து வந்த ஒரு பெண் அதிகாரி அவளிடம் கேட்டாளாம். காரணம் எனக்குத் தெரியும். அவள் பயந்துகொண்டு அந்தப் பெயரைச் சொல்லாமல் இருக்கவில்லை. அவளைப் பெற்றவர் ஷதிபெக் பனிச்சரிவில் போனபோது அவள் கைக்குழந்தை. எங்கள் பதிவேடுகளில் பெண் கல்யாணமானாலும் தகப்பன் பெயரோடுதான் இருப்பாள். ஆகவே சம்பளப் பட்டியலில் அவள் ‘அனார்கூல், ஷதிபெக் மகள்’. அந்த முகத்தை அவள் போட்டோவில்கூடப் பார்த்ததில்லை. இருபது வயதில் கோக்-ஜார் கிராமத்துக்கு மருமகளாக வந்தாள். வந்த வருடமே, படித்துக்கொண்டிருந்த வரைபடப் படிப்பை விட்டுவிடச் சொல்லி வீட்டில் ஆளுக்கு ஆள் பேசினார்கள். பெய்ஷென் கிழவர்தான் குதிரையில் சேணம் போட்டு அவளைப் பேருந்து நிற்கும் இடம் வரை கொண்டுபோய் விட்டார். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லையாம். பேருந்து ஏறும்போது மட்டும், நம்ம ஊரை விட்டுடாம வரைஞ்சிடு குழந்தே என்றாராம். இதை என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாள் என்று கணக்கே இல்லை.

கோக்-ஜாரின் ஊற்றையும் அந்தக் கிழவர்தான் திறந்தார். ஒரு வறண்ட கோடையில், இளவட்டமாக இருந்தபோது, மேட்டுச் சரிவில் ஈரப் பாசியைப் பார்த்துவிட்டு ஒன்பது நாள் கடப்பாரை போட்டார். தண்ணீர் வந்தது. அந்தச் சமயம் அளவெடுக்க வந்திருந்த அரசாங்கத்து ஆட்கள், அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு, தங்கள் வரைபடத்தில் பெய்ஷென் ஊற்று என்று எழுதிக்கொண்டு போனார்கள். அந்த ஊர் ஒரே வம்சம். நூற்று நாற்பத்து மூன்று வீடு, எல்லாம் அண்ணன் தம்பி, சித்தப்பன் பெரியப்பன் வீடுகள். ஆகவே தண்ணீர் எடுக்கும் எந்த மருமகளும் அந்தப் பெயரைச் சொல்ல முடியாது. எல்லோருக்கும் அது மேல் தண்ணீர். அனார்கூல் வாரநாளில் நகரத்தில் இருந்தாலும், சனி ஞாயிறில் அங்கே இரண்டு வாளியோடு ஏறுவாள். கல்யாணமான மூன்றாம் நாள், முகத்தில் திரையோடு, கூட ஏழெட்டுப் பெண்கள் பாடிக்கொண்டு வர அவள் முதன்முதலில் நடந்த பாதை அது. திரை வழியாகப் பார்த்ததால் தண்ணீர் வெள்ளையாகத் தெரிந்தது, பால் என்று நினைத்துவிட்டேன் என்பாள். இப்போதும் அவளுக்கு அது பாதி பால்தான்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். இதில் என் கையும் இருக்கிறது.

விதிப்படி அவள் நூற்றுப் பன்னிரண்டு ஊர்ப் பெண்களிடம் தண்ணீரைப் பற்றிக் கேட்டுப் படிவம் நிரப்பினாள். கோக்-ஜாரில், அவளுடைய ஓரகத்தி ஷைர் வீட்டில் கூட்டம். நாற்பது பெண்கள், நடுவில் பொரித்த ரொட்டித்துண்டும் ஜாமும் தேநீரும். எங்கிருந்து தண்ணீர் எடுக்கிறீர்கள் என்று கேட்டாள். மேல் தண்ணீரிலிருந்து என்று நாற்பது பேரும் சொன்னார்கள். அவளும் மேல் தண்ணீர் என்று எழுதினாள். வாசலில் நின்றுகொண்டிருந்த நான் பார்த்தேன். எதுவும் தோன்றவில்லை. இருபத்தேழு வருடமாக அவள் மனதுக்குள்ளேகூட அதற்கு வேறு பெயர் இருந்ததில்லை. மற்ற ஊர்களிலெல்லாம் ஒன்றுக்கு இரண்டு முறை பெயரைக் கேட்டுச் சரிபார்த்தவள், சொந்த ஊரில் சரிபார்க்கவில்லை.

படிவக் கட்டுகளைத் தலைநகரம் பிஷ்கெக்குக்குக் கொண்டுபோனவன் நான். அங்கே பட்டியலில் ஏற்றும் இடத்தில் ஒரு பையன் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு தாளை எடுத்து, அண்ணே, மேல் தண்ணீர்னு ஒண்ணு இருக்கே, பழைய வரைபடத்துல அப்படி ஊற்றே இல்லையே, இது என்ன என்று கேட்டான். எனக்கு ஏழு மணி நேர ரோடு பாக்கி இருந்தது, பசி வேறு. எல்லா ஊர்லயும் மேல ஒரு தண்ணி இருக்கத்தானே செய்யும் தம்பி என்று சொல்லிச் சிரித்தேன். அவனும் சிரித்தான். சிரித்தபடியே அந்த வரியில் ஒரு கோடு போட்டான். நான் என் தொப்பியை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போனேன்.

மே மாதம் அச்சடித்த வரைபடம் வந்தது. அனார்கூல் அதை மேஜையில் விரித்து, ஒவ்வொரு ஊரையும் பூதக்கண்ணாடியால் மெதுவாகக் கடந்து போய்க்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் அவள் முகம் ஆற்றில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணின் முகம் மாதிரி இருக்கும். கோக்-ஜாருக்கு வந்ததும் கை நின்றது. ஊருக்கு மேலே, நீலப் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில், பழுப்பு நிறத்தில் ஒரு கட்டம். கல் குவாரி, நெடுஞ்சாலை ஜல்லிக்கு. கட்டத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு. அவளால் வாசிக்க முடியவில்லை என்று நினைத்து நான் குனிந்து உரக்க வாசித்தேன்.

‘பெய்ஷென் ஊற்று, பயன்பாட்டில் இல்லை.’

அவள் தோள் லேசாகக் குலுங்கியது. அந்தப் பெயரில் ஒரு படிவமும் போகவில்லை, அதனால் அப்படிப் போட்டுவிட்டார்கள். சரிவில் வெடி வைத்தால் அந்த ஊற்று ஒரு வருடம் தாங்காது என்று எனக்கே தெரியும். நூற்று நாற்பத்து மூன்று வீட்டுக்கும் வேறு தண்ணீர் கிடையாது. ஆற்றுக்கு இறங்க ஐந்து கிலோமீட்டர். யாரையும் விட்டுவிடாத திட்டத்தில் அவள் விட்டது தன் ஊரையே.

இயக்குநர் நல்ல மனிதர்தான். ஆனால் பட்டியலை மூடி முத்திரை வைத்தாகிவிட்டது என்றார். திருத்த ஒரே வழி ஜூன் மாதம் ஊரில் நடக்கும் பொதுக் கருத்துக் கேட்பு. அங்கே தண்ணீர் சுமக்கும் ஒருத்தி, பதினெட்டு வயது நிரம்பியவள், எந்த ஊற்று என்று பெயர் சொல்லி, அது ஒலிப்பதிவில் ஏற வேண்டும். பதினான்காம் விதி. அதைச் சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

கோக்-ஜாருக்குப் போகும் வழியில் நான் வண்டியை ஓரம் கட்டி, பிஷ்கெக்கில் சொன்ன வேடிக்கைப் பேச்சை அவளிடம் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் தேவலை என்றும் இருந்தது. வெளியே அந்த மலைச்சரிவு முழுவதும் மஞ்சள் பூ. அவள் அதைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“நீங்க சொன்னதுல என்ன தப்பு அண்ணே. எல்லா ஊர்லயும் மேல ஒரு தண்ணி இருக்குதான்.”

“ஒரு வார்த்தை விளக்கிச் சொல்லியிருந்தா போதும். என் நாக்குல சனி.”

“உங்க நாக்கு சும்மா இருந்திருக்கணும், என் நாக்கு பேசியிருக்கணும். ரெண்டும் மாறிப்போச்சு. வண்டிய எடுங்க.”

அன்று அவள் எந்த வளைவிலும் நிறுத்தச் சொல்லவில்லை. எனக்குத்தான் ஒவ்வொரு வளைவிலும் அந்த நீலக் கதவு ஞாபகத்துக்கு வந்தது. திட்டத்தை நம்பாதவனுக்கு அது கலைகிறபோது மட்டும் ஏன் பொறுக்கவில்லை என்று யோசித்துக்கொண்டே ஓட்டினேன்.

கூட்டத்தன்று காலை அவர்கள் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. அனார்கூலின் புருஷனும் ஊர் இளவட்டங்களும் ஆடுகளோடு மேல் மேய்ச்சலுக்குப் போயிருந்தார்கள். கல்யாணமாகாத பெண்கள் பரீட்சைக்கும் வேலைக்கும் நகரங்களில் இருந்தார்கள். அவர்கள் இருந்தால் தொல்லையே இல்லை. பிறந்த வீட்டுப் பெண்ணுக்குத் தகப்பன், தாத்தன் பெயரைச் சொல்லத் தடையில்லை. ஊரில் மிஞ்சியது கிழவர்களும் மருமகள்களும் குழந்தைகளும்.

எண்பத்து நான்கு வயது பெய்ஷென் கதவுக்கு நேரெதிரே, பெரியவர் இடத்தில் கம்பளத்தின் மேல் உட்கார்ந்திருந்தார். அனார்கூல் தேநீர் ஊற்றினாள். எங்களிடம் எப்போதும் அரைக் கிண்ணம்தான் ஊற்றுவது. நிறைய ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். அவள் அவரிடம் அனுமதி கேட்க நினைக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. இரண்டு தடவை வாய் திறந்தாள், இரண்டு தடவையும் சர்க்கரைக் கிண்ணத்தை நகர்த்திவிட்டு மூடிக்கொண்டாள். மூன்றாவது முறை ஊற்றும்போது கண் எங்கேயோ இருந்தது. கிண்ணம் நிரம்பி, கம்பளத்தில் வழிந்தது.

கிழவர் கிண்ணத்தையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார். “என்னை வெரட்டுறியா, குழந்தே?”

அவள் சிவந்துபோய்த் துணி எடுக்க ஓடினாள். கிழவர் அந்த நிறைந்த கிண்ணத்தைச் சிந்தாமல் எடுத்து, ஒரே மூச்சில் குடித்துவிட்டு, தடியை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குக் கிளம்பினார்.

ஊர் மன்றத்தின் கூடத்தில் ஜன்னல்களெல்லாம் திறந்திருந்தன. திரைச்சீலைகள் உள்ளே ஊதிப் பெருத்து, அலுத்துப்போய் அடங்கி, மறுபடி பெருத்துக்கொண்டிருந்தன. வெயிலில் தூசி மெல்ல மிதந்தது. வெளியே எங்கோ ஒரு குதிரைக்குட்டி கனைத்தது. அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்த எல்லோரும் தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்திருப்பது போல எனக்கு இருந்தது. தலைநகரத்திலிருந்து வந்திருந்த அகில்பெக் என்ற அதிகாரி, ஒலிப்பதிவுக் கருவியை மேஜை மேல் வைத்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், பவ்வியமான ஆள். நம் ஆள்தான், நம் வழக்கம் தெரியாதவர் இல்லை. தெரிந்ததால்தான் அவருக்கு வியர்த்தது.

குடிநீர் விஷயம் வந்தபோது கிழவர்கள் ஒரே குரலில் ஊற்றின் பெயரைச் சொன்னார்கள். அகில்பெக் மன்னிப்புக் கேட்கும் குரலில், விதிப்படி சுமக்கிறவர்கள் சொல்ல வேண்டும் என்றார். ஷைர் எழுந்து மேல் தண்ணீர் என்றாள். அகில்பெக் வரைபடத்தில் அப்படி ஒன்று இல்லை என்றார். பின்னால் இருந்து இன்னொருத்தி பெரியவர் தண்ணீர் என்றாள். இன்னொருத்தி கடப்பாரைத் தண்ணீர் என்றாள். ஒருத்தி, திங்களிலிருந்து நாலாவது கிழமைத் தண்ணீர் என்று சொல்லிப் பார்த்தாள். கூடம் சிரித்தது, அகில்பெக்கும் சிரித்தார், ஆனால் பேனா அசையவில்லை. ஷைருக்குக் கோபம் வந்துவிட்டது.

“தம்பி, உனக்கு அந்த ஊத்து எதுன்னு தெரியாதா?”

“தெரியும் அக்கா.”

“தெரிஞ்சா எழுதேன். பேனாவுல மையில்லையா?”

“எனக்குத் தெரிஞ்சு பிரயோஜனமில்ல. பதிவுல இருக்கணும். இங்க நான் விதிய மீறினா, நாளைக்கு மந்தைக்காரங்க அந்த மூணு ஊர்லயும் வந்து, எங்களுக்கும் மீறுன்னு நிப்பாங்க.”

அவர் சொன்னது நியாயம். அதுதான் பெரிய வேதனை. அவர் அனார்கூல் பக்கம் திரும்பி, நீங்களே சொல்லுங்கள் அக்கா, விதியை எழுதியவர் நீங்கள்தானே என்று கேட்டார். அவள் வரைபடச் சுருளை மடியில் வைத்துக்கொண்டு திட்ட அலுவலகத்து ஆட்களோடு முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஆமாம், நான்தான் என்றாள். விதியை மீறச் சொல்லி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு அவள் மேல் வருத்தம்கூட வந்திருக்காது.

அப்புறம் அவள் சுருளை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தாள். அலுவலக ஆட்களின் வரிசையிலிருந்து பெண்களின் வரிசைக்கு நடந்து போனாள். ஷைரின் பக்கத்தில் நின்றுகொண்டு தலைத்துணியை நெற்றி வரை இழுத்துவிட்டாள். அவள் நடந்த அந்தப் பத்தடி எனக்கு வெகுதூரமாகத் தெரிந்தது. முகத்தில் திரையோடு வாளி தூக்கிப் போன இருபது வயதுப் பெண் நடந்து போவதைப் பார்த்தேன் என்றே சொல்வேன், சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

“நான் இந்த ஊரு மருமக. சனியும் ஞாயிறும் தண்ணி சுமக்கறேன். இருபத்தேழு வருஷமா.”

அகில்பெக் கருவியை அவள் பக்கம் தள்ளினார். எந்த ஊற்றிலிருந்து என்று கேட்டார்.

அவள் கிழவரைப் பார்க்கவில்லை. தரையையும் பார்க்கவில்லை. திறந்த ஜன்னல் வழியாக மேட்டுச் சரிவைப் பார்த்தாள். வண்டியில் வெறும் சரிவைப் பார்த்துப் பள்ளிக்கூடம் கட்டுவாளே, அதே பார்வை. திரைச்சீலை ஒருமுறை பெருத்து அடங்கியது.

“பெய்ஷென் ஊத்து,” என்றாள்.

குரல் பெரிதாக இல்லை. ஆனால் கூடத்தில் கடைசி ஆள் வரை கேட்டது. வயதான பெண்கள் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அனார்கூலின் கை ஷைரின் கையைத் தேடியது, ஷைர் பிடித்துக்கொண்டாள். நான் கிழவரைப் பார்த்தேன். தடியின் மேல் இரண்டு கையையும் வைத்து, அதன் மேல் தாடையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கோபமா, அவமானமா, தூக்கமா, எதுவும் தெரியவில்லை. வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு இந்த ஊரை விட்டுப் போய்விடலாமா என்று எனக்கு இருந்தது.

அகில்பெக் எழுதினார். எழுதிவிட்டு, சாட்சி சொல்பவரின் முழுப் பெயர் வேண்டும் என்றார். தலைநகரத்துக்கு மாற்றலாகிப் போகுமுன் எங்கள் அலுவலகத்தில் அவளோடு நாலு வருடம் வேலை பார்த்த மனிதர், அவருக்கு அது தெரியாதா. ஆனால் பதிவில் இருக்க வேண்டும். அனார்கூல் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. இருந்த பலம் முழுவதும் அந்த ஒரு பெயரோடு போய்விட்டது. கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அகில்பெக் காத்திருந்தார். கருவியின் சிவப்பு விளக்கும் காத்திருந்தது.

கிழவர் கண்ணைத் திறந்தார். தடியை ஊன்றி எழுந்தார். எழுந்திருக்க அவருக்கு நேரம் பிடித்தது, யாரும் கை கொடுக்கத் துணியவில்லை. இருபத்தேழு வருடமாக அவளை அவர் குழந்தே என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். அவர் வாயில் அவள் பெயரை நான் கேட்டதில்லை, ஊரில் யாரும் கேட்டதில்லை.

“எழுதிக்கோ தம்பி,” என்றார். “அனார்கூல். பெய்ஷென் மகள்.”

அகில்பெக்கின் பேனா நின்றது. அவருக்கு முன்னால் இருந்த தாளில் ஷதிபெக் மகள் என்று இருந்திருக்கும். தாளைப் பார்த்தார், கிழவரைப் பார்த்தார். கிழவர் உட்காரவில்லை. எழுதுகிற சத்தம் கேட்கும் வரை நின்றார். மகள் தகப்பன் பெயரைச் சொன்னால் அதில் யாருக்கும் குற்றமில்லை, அந்தக் கூடத்தில் குழந்தைக்குக்கூட அது தெரியும். வாயைப் பொத்தியிருந்த பெண்கள் கையை எடுத்தார்கள். நான் வெளியே போய் வண்டிச் சக்கரத்தில் காற்று இருக்கிறதா என்று பார்த்தேன். நான்கிலும் இருந்தது. மறுபடியும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

குவாரி வேறொரு மலைக்குப் போனது. அச்சான திட்டத்தின் பின்பகுதியில், குடிநீர்ப் பட்டியலில் இப்போதும் பார்க்கலாம்: பெய்ஷென் ஊற்று, 143 வீடுகள், சாட்சி அனார்கூல், பெய்ஷென் மகள். சம்பளப் பட்டியலில் அப்படி ஒரு ஆளே இல்லையே என்று தணிக்கைக்காரர்கள் இரண்டு முறை கடிதம் போட்டார்கள். இயக்குநர் இரண்டு கடிதத்துக்கும் பதில் எழுதவில்லை.

மறு வாரம் ஒரு மேற்கு ஊருக்குப் போய்க்கொண்டிருந்தோம். அவள் பழையபடி வளைவில் நிறுத்தச் சொல்லி, ஒரு முள்காட்டில் நூலகம் கட்டிக்கொண்டிருந்தாள். இந்த முறை கதவு பச்சை. அடுத்த கூட்டம் என்றைக்கு என்று கேட்டேன்.

“வெள்ளிக்கு முந்தின நாள்.”

“இன்னுமா? நீதான் இப்ப மகளாச்சே. தாராளமா சொல்லலாமே.”

அவள் நூலகத்துக்கு ஜன்னல் வைத்து முடித்துவிட்டுத்தான் திரும்பினாள்.

“அது அவர் குடுத்தது அண்ணே. எடுத்துச் செலவு பண்ண மனசு வரல.”

நான் வண்டியைக் கிளப்பவில்லை. அந்த நூலகத்தில் வாசலுக்கு மூன்று படிக்கட்டு இருந்தது. எனக்கும் தெரிந்தது.